தோள்பட்டைச் சுண்ணாம்பும் ஒரு பிடிவாதக்கார டாக்டரும்

தோள் வலி என்று எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களில் சிலருக்கு, படத்தில் மேல்கை எலும்பின் உருண்டைக்குச் சற்று மேலே, எலும்பு இருக்கவே கூடாத இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். சிலருக்குச் சோற்றுப் பருக்கை அளவு, சிலருக்கு மொச்சைக்கொட்டை அளவு. அரசு மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் 33 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஃபிலிமை டெவலப்பரிலிருந்து தூக்கி, ஹைப்போவில் முக்கி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினால் அந்தத் திட்டு பளிச்சென்று நிற்கும். டாக்டர் பார்த்துவிட்டு "கால்சிஃபிகேஷன்" என்று ஒற்றை வார்த்தை எழுதுவார். நோயாளியிடம், "தோளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது" என்பார். அதோடு என் வேலை முடிந்தது.

அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, அதை என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு நல்ல சரித்திரமாக இருந்தது. அதில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன. ஒன்று, "உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது?" இன்னொன்று, "நாம் செய்த வைத்தியம் பலித்ததா?" முதல் கேள்விக்கு மனிதர்கள் ஓடி ஓடி விடை தேடினார்கள். இரண்டாவதுக்கு வருவதற்குள் நூறு வருஷம் ஆகிவிட்டது. அதிசயம் என்னவென்றால், இரண்டையும் ஆரம்பத்திலேயே கேட்ட ஒரே மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பாஸ்டன் நகரத்து டாக்டர் எர்னஸ்ட் அமோரி காட்மன்.

முதலில் தோளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் மேலே ஓடுவது சுப்ராஸ்பைனேட்டஸ் என்கிற தசையின் நாண். நாம் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது வேலை செய்வது அதுதான். அதற்கு மேலே கூரை மாதிரி ஒரு எலும்பு. கூரைக்கும் நாணுக்கும் நடுவே உராய்வு இல்லாமல் இருக்க வழவழப்பான மெல்லிய பை ஒன்று உண்டு. அதை பர்சா என்பார்கள். கால்சியம் படிகிற இடம் பெரும்பாலும் அந்த சுப்ராஸ்பைனேட்டஸ் நாண்தான். முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வரும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

1872-இல் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் துப்ளே, விறைத்துப்போன தோள்களைப் பற்றி எழுதினார். கோளாறு மூட்டுக்குள்ளே இல்லை, மூட்டைச் சுற்றி இருக்கிறது, முக்கியமாக அந்தப் பையில் இருக்கிறது என்றார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் அவரால் உயிரோடு இருக்கிறவர் தோளுக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

பார்க்கிற வழி 1895 நவம்பரில் வந்தது. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள் உலகமெங்கும் டாக்டர்கள் எலும்புகளைப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டனில் அப்படி இறங்கியவர்களில் ஒருவர் காட்மன். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி அப்போதுதான் வெளியே வந்திருந்தார். அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த பதவியின் பெயர் 'ஸ்கையாகிராஃபர்'. கிரேக்க மொழியில் 'ஸ்கியா' என்றால் நிழல். நிழலை எழுதுகிறவர் என்று அர்த்தம். என் தொழிலுக்கு இவ்வளவு அழகான பெயர் ஒரு காலத்தில் இருந்தது என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "எக்ஸ்ரேக்காரரே" என்பதோடு சரி.

காட்மன் வெறும் ஆர்வக் கோளாறில் படம் எடுத்தவர் இல்லை. எக்ஸ்ரேயால் தோல் வெந்துபோனவர்களின் விவரங்களைச் சேகரித்து 1902-இலேயே கட்டுரை எழுதினார். ஒரு புதுக் கருவி கையில் கிடைத்ததும் "இதனால் என்ன கெடுதல்?" என்று கேட்கிற புத்தி எல்லோருக்கும் வந்துவிடாது.

1906-இல் அவர் விறைத்த தோள், வலிக்கும் தோள் பற்றி எழுதத் தொடங்கினார். மறு வருஷமே பாஸ்டனைச் சேர்ந்த இன்னொரு மருத்துவர் பெயின்டர், எக்ஸ்ரேயில் தெரிகிற தோள் கால்சியத்தைப் பற்றி எழுதினார். 1908-இல் ஜெர்மனியில் ஸ்டீடா என்பவரும் எழுதினார். இவர்கள் கால்சியம் அந்தப் பைக்குள் இருக்கிறது என்று நினைத்தார்கள். எக்ஸ்ரே ஒரு தட்டையான நிழல். எது முன்னால், எது பின்னால், எது மேலே என்று அதில் பிரித்துப் பார்ப்பது கடினம். காட்மன் தோளைத் திறந்து அறுவை செய்கிறவர். பையைத் திறந்து பார்த்தால் அது காலியாக இருந்தது. அதன் தரைக்குக் கீழே, நாணுக்குள், கட்டியாக உட்கார்ந்திருந்தது சுண்ணாம்பு. பையில் தோன்றுவது அல்ல, நாணில் தோன்றிப் பையைப் புண்ணாக்குவது என்று அவர் நிலைநாட்டினார். 1934-இல் தன் சொந்தச் செலவில் 'தோள்' என்றே பெயர் வைத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார்.

சொந்தச் செலவில் போடவேண்டி வந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதுதான் இரண்டாவது கேள்வி.

மாணவராக இருந்தபோதே காட்மனும் பின்னாளில் மூளை அறுவையில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங்கும் சேர்ந்து, ஈதர் மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் நாடித்துடிப்பை நேரத்துக்கு நேரம் அட்டையில் குறிக்கும் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அந்த அட்டைப் பழக்கம் காட்மனை விடவே இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. என்ன கஷ்டத்தோடு வந்தார், என்ன நோய் என்று முடிவு செய்தோம், என்ன செய்தோம், ஏதாவது கோளாறு ஆனதா, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார். இதற்கு அவர் வைத்த பெயர் 'இறுதிப் பலன்' திட்டம். கேட்டால் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு வருஷம் கழித்து நோயாளியைத் தேடிப் போய்க் கேட்டு, அதை வெளியில் சொன்னால், எந்த டாக்டர் கை நல்ல கை என்று ஊருக்கே தெரிந்துவிடும்!

மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை இந்த யோசனையை ஏற்கவில்லை. 1914-இல் காட்மன் அங்கிருந்து ராஜினாமா செய்தார். அதற்கு முன்பே 1911-இல் சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கியிருந்தார். 1911-லிருந்து 1916 வரை அங்கே சிகிச்சை பெற்றுப்போன 337 பேரின் கணக்கை அச்சிட்டார். அதில் 123 தவறுகள் நடந்ததாக அவரே பட்டியல் போட்டார். 1915-இல் ஒரு மருத்துவர் கூட்டத்தில், பணக்காரப் பகுதி மக்களை பொன்முட்டை போடும் நெருப்புக்கோழியாகவும், அது தலையை மண்ணில் புதைத்திருக்க டாக்டர்கள் முட்டை பொறுக்குவதாகவும் சித்திரிக்கும் ஒரு கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். சும்மா விடுவார்களா? சங்கத்தின் தலைவர் பதவி போனது, நண்பர்கள் போனார்கள், வருமானமும் குறைந்தது.

இனி தோளுக்கு வருவோம். எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருக்க மனிதனால் முடியாது. திறந்து சுரண்டி எடுத்தார்கள். சிலர் எக்ஸ்ரே கதிரையே வைத்தியமாகப் பாய்ச்சினார்கள். 1937-இல் அமெரிக்காவில் பேட்டர்சன், டாரக் என்ற இருவர், திறக்காமல் ஊசி வழியாகக் கழுவும் முறையைப் பற்றி எழுதினார்கள். இன்றைய சிகிச்சையின் தாத்தா அதுதான். ஊசியைச் செருகி, திரவத்தை உள்ளே விட்டு, அதோடு சுண்ணாம்பைக் கரைத்து வெளியே கொண்டுவருவது.

நான்கு வருஷம் கழித்து, 1941-இல், பாஸ்வொர்த் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வேலை செய்தார். வலி என்று வந்தவர்களை மட்டும் பார்க்காமல், 6,061 அலுவலக ஊழியர்களின் இரண்டு தோள்களையும், அதாவது 12,122 தோள்களை, பரிசோதித்தார். 2.7 சதவீதம் பேருக்குக் கால்சியம் இருந்தது. அவர்களில் நிறையப் பேருக்கு வலியே கிடையாது! அவர்கள் பாட்டுக்கு வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். படத்தில் வெள்ளை தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

ஊசிக்காரர்களுக்கு அன்று இருந்த பெரிய சிக்கல், ஊசி முனை எங்கே இருக்கிறது என்று தெரியாதது. ப்ளூரோஸ்கோப்பி, நாங்கள் ஸ்க்ரீனிங் என்போம், அப்போதே உண்டு. ஆனால் அந்தத் திரையின் வெளிச்சம் மின்மினி வெளிச்சம். கண் இருட்டுக்குப் பழகினால்தான் ஏதாவது தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த 1970-களில்கூட, ஸ்க்ரீனிங்குக்குக் கால் மணி நேரம் முன்பே சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டாக்டர் வராந்தாவில் உலவுவார். அந்த வெளிச்சத்தில் நாணுக்குள் இருக்கும் பருக்கையில் ஊசியை இறக்குவது சாமானியமா?

அந்த மங்கல் பிம்பத்தைப் பல மடங்கு பிரகாசமாக்கும் இமேஜ் இன்டென்சிஃபையர் வந்ததும் நிலைமை மாறியது. இப்போது எலும்பு ஆபரேஷன் அறைகளில் நிற்கிறதே சி-ஆர்ம், அதன் உயிர்நாடி அதுதான். 1978-இல் கம்ஃபர்ட், அரஃபைலஸ் என்ற இருவர் அதன் உதவியோடு தோளைக் கழுவியதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கழுவலுக்கு 'பார்போட்டாஜ்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் வாத்து சேற்றுத் தண்ணீரில் அளைவதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. ஊசியால் தண்ணீரை விட்டு விட்டு இழுப்பது அப்படித்தானே இருக்கும்!

இதற்கிடையில், 1976-இல், கனடாவின் ஒட்டாவாவில் ஹான்ஸ் உத்தாஃப் என்ற மருத்துவரும் அவரது கூட்டாளிகளும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன விஷயம் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. தேய்ந்துபோன நாணில் அழுக்கு சேர்கிற மாதிரி கால்சியம் சேர்வதாகப் பலர் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை என்றார் உத்தாஃப். உயிருள்ள நாணில் ஒரு பகுதி குருத்தெலும்பு போல மாறுகிறது. அங்கே கால்சியம் படிகிறது. அப்போது அது சாக்பீஸ் மாதிரி இருக்கும். கொஞ்ச காலம் அப்படியே கிடக்கும். பிறகு உடம்பே அதைக் கரைத்து விழுங்க ஆரம்பிக்கும். அப்போது அது பற்பசை மாதிரி இளகிவிடும். கடைசியில் நாண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். உயிர் போகிற வலி எப்போது வருகிறது தெரியுமா? சுண்ணாம்பு சேரும்போது அல்ல, உடம்பு அதைக் கரைக்கும்போது!

இதைப் படித்ததும் எனக்கு ஒரு தையல்காரர் நினைவுக்கு வந்தார். ஒரு நாள் காலையில் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றக்கூட முடியவில்லை, அப்படியே படம் எடுத்தோம். ஓரங்கள் கலைந்த ஒரு வெள்ளைத் திட்டு. வலி மாத்திரையும் கைக்குத் தொட்டிலும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் படம். திட்டைக் காணோம். வேறு ஆளின் ஃபிலிமை மாட்டிவிட்டேனோ என்று டாக்டர் எண்ணைச் சரிபார்த்தார். எண் சரியாகத்தான் இருந்தது. தையல்காரர், "கடவுள் எடுத்துட்டாருங்க" என்றார். உத்தாஃப் சொன்ன கணக்கில் பார்த்தால், அவர் வந்த அன்று உடம்பு வேலையை முக்கால்வாசி முடித்திருந்தது.

இன்னொரு அம்மாள், "வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போடுறதை விட்டுடணுமா? பால் குடிக்கலாமா?" என்று கேட்டார். இப்படிக் கேட்டவர்கள் நிறைய. இதில் சாப்பாட்டுக் கால்சியத்துக்குச் சம்பந்தம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கும். பாலை நிறுத்தவேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பை விட வேறு நல்ல காரணங்கள் உண்டு, தோள் அதில் சேராது.

அடுத்து வந்தது அல்ட்ராசவுண்ட். 1950-களில் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், இரும்பில் விரிசல் பார்க்கும் தொழிற்சாலைக் கருவியிலிருந்து தொடங்கி, வயிற்றுக்குள் பார்க்க வழி செய்தார். 1980-களில் அது தோளுக்கும் வந்தது. கதிர்வீச்சு கிடையாது, நாணும் பையும் தனித்தனியாகத் தெரியும், ஊசி உள்ளே போவதை அந்தக் கணமே பார்க்கலாம். 1990-களின் நடுவில் பின்லாந்தில் ஃபாரின் என்பவரும் அவர் குழுவும் அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே தோள் கால்சியத்தைக் கழுவி எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க நடப்பது இதுதான்.

செய்முறை இப்படி. நோயாளியைப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ப்ரோபைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசியைச் சுண்ணாம்புக்கு நடுவில் இறக்குவார்கள். சிரிஞ்சில் சலைன். பிஸ்டனை அழுத்தி அழுத்தி விடுவார்கள். உள்ளே போன தெளிந்த நீர், திரும்பும்போது சுண்ணாம்புத் தண்ணீராக வரும். சிரிஞ்சைச் சற்று நேரம் வைத்தால் வெள்ளை வண்டல் அடியில் தங்கும். சிலர் ஒரு ஊசி, சிலர் இரண்டு ஊசி வைப்பார்கள். கடைசியில் பையில் ஸ்டீராய்டு ஒரு டோஸ். அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். அந்த வெள்ளை வண்டலைக் கண்ணால் பார்த்த நோயாளிக்குப் பாதி வலி அங்கேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் காட்மன் மறுபடியும் வருகிறார். வண்டல் வந்தது சரி. ஒரு வருஷம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார்?

இத்தாலியில் செராஃபினியும் குழுவினரும் 2009-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கழுவிக்கொண்ட 219 பேர், கழுவாமல் விட்ட 68 பேர். முதல் வருஷம் வரை கழுவியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஐந்தாம் வருஷமும் பத்தாம் வருஷமும் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் யார் கழுவிக்கொள்வது என்பதை அதில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை.

சீட்டுக் குலுக்கிப் பார்த்த பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நார்வே, நெதர்லாந்து நாடுகளின் ஆறு மருத்துவமனைகள், 220 நோயாளிகள், எல்லோரும் மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு இருந்தவர்கள். மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜக் கழுவலும் ஸ்டீராய்டும். இரண்டாவது பிரிவுக்குச் சுண்ணாம்பைத் தொடாத பாவனைக் கழுவல், ஆனால் ஸ்டீராய்டு உண்டு. மூன்றாவதுக்குப் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது மூன்று பிரிவும் ஓரளவு தேறியிருந்தன. நிஜமாகக் கழுவிய பிரிவு மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலே இல்லை! ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் மட்டும் கூடுதல் நிம்மதி.

உடனே "ஊசி எல்லாம் ஏமாற்று" என்று யாரும் கிளம்பவேண்டாம். அது நாள்பட்ட வலிக்காரர்களைப் பற்றிய ஆய்வு. சட்டை கழற்ற முடியாமல் வந்த தையல்காரர் மாதிரியானவர்களுக்கு அது பதில் சொல்லாது. ஆனால் நாற்பது ஐம்பது வருஷமாக நம்பிக்கையோடு செய்துவந்த ஒன்றை நிறுத்தி நிதானமாகக் கேட்டார்கள் பாருங்கள், அது பெரிய காரியம்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காயாகவும் இல்லை. என் அக்கா மகள் பள்ளிக்கூட ஆசிரியை, 48 வயது. போன வருஷம் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியாமல் அவதிப்பட்டாள். ஸ்கேனில் சுண்ணாம்பு. கழுவிவிடலாம் என்றார் டாக்டர். "மாமா, இதைப் போட்டுக்கலாமா?" என்று போனில் கேட்டாள். நான் படம் எடுத்தவன், டாக்டர் இல்லை. அதனால் போடு, போடாதே என்று சொல்லாமல், டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன். என் சுண்ணாம்பு சேருகிற நிலையிலா, கரைகிற நிலையிலா? பொறுத்திருந்து உடற்பயிற்சி செய்தால் என்ன ஆகும்? எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஸ்டீராய்டு போட்டால் சில நாள் சர்க்கரை ஏறுமே, அதற்கு என்ன ஏற்பாடு?

அந்த டாக்டர் நல்லவர். கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாராம். கடைசியில் அவளே மூன்று மாதம் பயிற்சி செய்து பார்ப்பதாக முடிவெடுத்தாள். இப்போது பலகையில் எழுதுகிறாள். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் வலிக்கிறது என்கிறாள். வலி கூடினால் ஊசி போட்டுக்கொள்வேன் என்றும் சொல்கிறாள். அதுவும் சரியான முடிவாகவே இருக்கும்.

காட்மன் 1940-இல் காலமானார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கமான இடத்தில் பெயர்க் கல்கூட இல்லாமல் 74 வருஷம் கிடந்தது. 2014-இல் மருத்துவ சங்கங்கள் சேர்ந்து கல் நட்டன. அவர் துரத்தப்பட்ட அந்த அட்டைக் கேள்வியைத்தான் இன்று உலகத்தின் நல்ல மருத்துவமனைகள் எல்லாம் கேட்கின்றன. நார்வேக்காரர்கள் நான்கு மாதம் கழித்து நோயாளிகளிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

தோள் வலியோடு இதைப் படிக்கிறவர்கள் படத்தில் வெள்ளை தெரிந்தால் பயப்படவேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், கேளுங்கள், பயிற்சியை விடாதீர்கள். எந்தச் சிகிச்சை செய்துகொண்டாலும் ஒரு வருஷம் கழித்து அந்த டாக்டரிடம் போய், எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நன்றாக இருந்தாலும் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் போவதில்லை.